கல்யாண முருங்கையில் இலைக்கழலைக் குளவி: எதிரியை வரவழைப்பதா, இங்கேயே தேடுவதா?

குடியாத்தம் வேலியோரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தை அடுத்த எங்கள் நிலத்தின் கிழக்கு வரப்பில் என் தந்தையார் போத்து வைத்து வளர்த்த கல்யாண முருங்கை வேலி ஒன்று உண்டு. அதிலிருந்து எடுத்து நட்ட ஒரு போத்து இன்று வீட்டு வாசலில் பெரிய மரமாக நிற்கிறது. தை, மாசியில் இலையெல்லாம் கொட்டி வெறும் செம்பூவாக அது நிற்கும்போது, பேர்ணாம்பட்டுச் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவில் எந்தத் திருமணம் என்றாலும் அரசாணிக்காலுக்குக் கிளை கேட்டு எங்கள் வாசலுக்குத்தான் வருவது வழக்கம்.

சில ஆண்டுகளாகத் துளிர்க்கும் இலைகள் சரியாக விரிவதில்லை. இலைக்காம்பு விரல் மொத்தத்துக்கு வீங்குகிறது. இலை தடித்துச் சுருண்டு, முண்டும் முடிச்சுமாகக் காய்ந்து விழுகிறது. ஒரு முடிச்சைப் பிளேடால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே சிறு சிறு அறைகளும், அறைக்கு ஒன்றாக வெள்ளைப் புழுவும் இருந்தன. உரக்கடையில் கொடுத்த மருந்தை இரண்டு முறை தெளித்தும் ஒரு மாற்றமும் இல்லை. இலையில் அடை சுடுவதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆட்டுக்கு ஒடித்துப் போடவும் தயக்கமாக இருக்கிறது. இது என்ன பூச்சி? பப்பாளி மாவுப்பூச்சிக்கு வந்ததுபோல இதற்கும் நன்மை செய்யும் பூச்சி ஏதேனும் உண்டா?

பூச்சிநோக்கி எழுதியது:

நீங்கள் விவரித்த அடையாளங்களை வைத்துப் பார்த்தால், இது குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்ற கழலைக் குளவி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நீங்கள் பார்த்த அந்த வீங்கிய முடிச்சுதான் கழலை. குளவி என்றதும் கூரையில் மண்கூடு கட்டுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே உள்ளது. உள்ளங்கையில் வந்து அமர்ந்தாலும் தூசி என்று தட்டிவிடுவோம். பெண் குளவி இளந்துளிரின் திசுவுக்குள் முட்டையைச் செருகிவிடுகிறது. பொரிக்கும் புழுவைச் சுற்றி மரமே சதை வளர்த்து அறை கட்டிக் கொடுக்கிறது. புழு அங்கேயே தின்று, கூட்டுப்புழுவாகி, முழுக் குளவியாகத் துளையிட்டு வெளியேற ஏறத்தாழ 20 நாள் ஆகும். ஆண்டு முழுவதும் துளிர் கிடைக்கும் இடத்தில் ஒரு தலைமுறையின் மேல் அடுத்த தலைமுறை ஏறிக்கொண்டே போகும்.

நீங்கள் தெளித்த மருந்து ஏன் பயன்படவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். மருந்து இலையின் மேல் விழுகிறது, புழுவோ சதைக்குள் இருக்கிறது. வெளியே சில நாள் மட்டும் உயிர் வாழும் குளவிகளில் சிலவற்றை அது கொல்லலாம். ஆனால் அதே மருந்து, அந்தப் புழுவைத் தேடி வரக்கூடிய எதிரிகளையும் சேர்த்துக் கொல்லும். பூச்சிக்கு வீடும் காவலும் மரமே கொடுக்கும்போது, அந்த வீட்டுக்குள் நுழையத் தெரிந்த உயிரைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது.

இந்தக் குளவிக்கு அறிவியல் பெயர் வைக்கப்பட்டதே 2004-ல்தான். சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் ஆகிய இடங்களில் சேகரித்தவற்றைக் கொண்டு அதை விவரித்தார்கள். அதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 2003-ல் தைவானிலும், 2005-ல் ஹவாயிலும், 2006-ல் கேரளத்திலும் பதிவானது. கேரளத்தில் மிளகுக் கொடி படரக் கல்யாண முருங்கையை ஊன்றும் பழக்கம் உண்டு என்பதால், அங்கே இது அழகுமரத்தோடு நிற்காமல் மிளகு விவசாயிகளின் கவலையாகவும் ஆனது.

அணைக்கட்டு உழவன் எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்தபோது எனக்குப் பப்பாளி ஞாபகம்தான் வந்தது. 2009, 2010-ல் எங்கள் பக்கத்தில் பப்பாளி போட்டிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காய், தண்டு, இலையின் அடிப்பக்கம் எல்லாம் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல மூடிக்கிடந்தது. மருந்து அந்த மெழுகைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. நான் ஒன்றரை ஏக்கரையும் வெட்டிச் சாய்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வரப்போரம் நின்ற செம்பருத்தி, வாசலில் நின்ற நிலச்சம்பங்கி, கண்ட இடமெல்லாம் முளைக்கும் பார்த்தீனியம் என்று எதையும் அது விடவில்லை.

பிறகு குட்டிக் குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள் என்றார்கள். அதை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு மறுபடி பப்பாளி வைத்தேன், பூச்சி இருந்த இடம் தெரியவில்லை. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. கல்யாண முருங்கைக்கும் அதேபோல் எழுதிக் கேட்டால் என்ன? நாம் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு அனுப்பலாம்.

பூச்சிநோக்கி எழுதியது:

அணைக்கட்டு நண்பர் சொன்னது உண்மை. அது நடந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் கேள்விக்கான பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். நம் நாட்டில் அது முதலில் தென்பட்டது 2008 ஜூலையில், கோயம்புத்தூரில். அமெரிக்க வேளாண் துறை கரீபியன் தீவுகளிலும் ஃபுளோரிடாவிலும் இதே பூச்சிக்கு எதிராக ஒட்டுண்ணிக் குளவிகளை, அதாவது வேறொரு பூச்சியைத் தின்றே புழு வளரும் சிறு குளவிகளை, ஏற்கெனவே விட்டு வெற்றி கண்டிருந்தது. ஆகவே அவற்றைத் தேடி அலையும் வேலை நமக்கு மிச்சமாயிற்று. 2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று இனங்கள் பெங்களூருக்கு வந்தன. அங்கே வெளியே தப்பாதபடி அடைத்த தனிமைக் கூடத்தில் வைத்து, பிற நல்ல பூச்சிகளுக்குத் தீங்கு செய்யுமா என்று சோதித்து, முளைவிட்ட உருளைக்கிழங்கின் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து அதன் மேல் குளவியைப் பெருக்கி, அக்டோபரில் கோயம்புத்தூரிலிருந்து வெளியே விட்டார்கள். மூன்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒன்றே பெரும்பாலான இடங்களில் நிலைத்து வேலையை முடித்தது. பட்டு வளர்ப்போரின் மல்பெரி, மரவள்ளி, பருத்தி எல்லாவற்றுக்கும் சேர்த்தே விடிவு கிடைத்தது.

கல்யாண முருங்கைக்கும் இதைப் போல ஆயத்தமான ஓர் எதிரி இருக்கத்தான் செய்கிறது. ஹவாய் தீவுகளில், கல்யாண முருங்கையின் பேரினமான எரித்ரினாவைச் சேர்ந்த விலிவிலி என்ற மரம் வேறெங்கும் இல்லாத பூர்வீக மரம். 2005 ஏப்ரலில் ஓவாஹூ தீவில் தென்பட்ட கழலைக் குளவி சில மாதங்களிலேயே மற்றத் தீவுகளுக்கும் பரவிவிட்டது. நம் கல்யாண முருங்கை இனத்தையே அங்கே தெருவோரங்களிலும் தோட்ட எல்லைகளில் காற்றுத்தடுப்பாகவும் வைத்திருந்தார்கள். அவையும் வரிசை வரிசையாகப் பட்டுப்போயின. விலிவிலி இனமே அழிந்துவிடக்கூடும் என்று அஞ்சி விதைகளைச் சேகரித்துக் குளிர்சேமிப்பில் வைக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன ஆய்வாளர்கள் தான்சானியாவில் யூரிடோமா எரித்ரினே என்ற மற்றொரு குளவியைக் கண்டார்கள். இதன் புழு ஓர் அறையில் உள்ள கழலைப் புழுவைத் தின்றுவிட்டு, சுவரைக் குடைந்து பக்கத்து அறைக்குப் போய் அங்குள்ளதையும் தின்னும். ஒன்று தங்கினால் அந்தக் கழலையில் பல உயிர் போகும். தனிமைக் கூடத்தில் பிற கழலைப் பூச்சிகளை முன்வைத்துச் சோதித்தபின், 2008 நவம்பரில் அதை வெளியே விட்டார்கள். இலைகளும் தளிர்களும் பெருமளவு மீண்டன. பூவிலும் காயிலும் தாக்குதல் முழுவதும் அடங்கவில்லை என்பதால் இரண்டாவது எதிரி ஒன்றையும் ஆராயத் தொடங்கினார்கள்.

ஆகவே, மனு அனுப்பலாம் என்பது வெற்றுப்பேச்சு அன்று. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். அப்ரோஸ்டோசீட்டஸ் காலா என்ற ஓர் ஒட்டுண்ணிக் குளவி இதே கழலைகளிலிருந்து நம் நாட்டிலேயே பதிவாகியிருக்கிறது. குடியாத்தத்து முடிச்சுகளுக்குள் அதுவோ வேறொன்றோ ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறதா என்று பார்க்காமல், வெளியிலிருந்து ஆள் கேட்பது முறையாகாது.

ஓட்டேரி நிழல் எழுதியது:

வேலூரில் ஓட்டேரிப் பக்கம் சில தெருக்களில் மரம் வைத்துப் பராமரிக்கும் சிறு குழுவில் நானும் ஒருத்தி. இந்த இழையை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். ஆனால் "பூச்சிக்குப் பூச்சி" என்றதும் எல்லோரும் கைதட்டுவது எனக்குச் சற்று அச்சமாக இருக்கிறது.

ஹவாயைப் பற்றிப் பேசினோம். அதே ஹவாயில்தான், ஆப்பிரிக்கப் பெருநத்தையைத் தின்னட்டும் என்று 1955-ல் ஃபுளோரிடாவிலிருந்து வேறொரு வேட்டை நத்தையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு, அத்தீவுகளுக்கே உரிய அழகான சிறு மரநத்தைகளைத் தின்று பல இனங்களை இல்லாமல் செய்தது. நம் வீட்டுக் கூரையில் சண்டை போடும் மைனாவே 1865-ல் அங்கே புழு தின்னக் கொண்டுபோகப்பட்ட பறவைதான். புழுவைத் தின்றதோடு அது நிற்கவில்லை. உண்ணிச்செடியின் பழத்தைத் தின்று விதையை மலையெல்லாம் எச்சமாகப் போட்டது. ஆஸ்திரேலியாவில் 1935-ல் கரும்பு வண்டுக்காக இறக்கிய தேரையின் கதையை எல்லோரும் அறிவார்கள். வரவழைத்த உயிரைத் திருப்பி அனுப்ப முடியாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. இவ்வளவு செலவும் ஆபத்தும் எடுத்துச் செய்யும் அளவுக்குக் கல்யாண முருங்கை இன்று யாருக்கு வேண்டியிருக்கிறது? எங்கள் தெருக்களில் இதை வைக்கலாம் என்றால் முள் இருக்கிறது, வேண்டாம் என்கிறார்கள். இது என் கருத்து அன்று, நான் கேட்டது.

பூச்சிநோக்கி எழுதியது:

அம்மா எழுப்பியது தேவையான எச்சரிக்கை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. நத்தை, மைனா, தேரை ஆகிய மூன்றும் அகப்பட்டதையெல்லாம் தின்பவை. அவற்றை விட்ட காலத்தில் முறையான சோதனையும் கிடையாது. ஒட்டுண்ணிக் குளவி அப்படிப்பட்டதன்று. இப்படித் தேர்ந்து விடும் குளவியின் புழு பெரும்பாலும் குறிப்பிட்ட சில பூச்சிகளைத் தின்றுதான் வளர முடியும். பப்பாளிக் குளவி மாவுப்பூச்சி குறைந்ததும் தானும் குறைந்துபோனதே தவிர, வேறொன்றின் மேல் பாயவில்லை. பயிருக்கு விட்ட பொறிவண்டும் தீங்கில்லாமல் நம்மோடு வாழ்கிறது: திராட்சை, காப்பித் தோட்டங்களில் இன்று விடும் கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டு 1898-லேயே இந்தியாவுக்கு வந்தது.

நம் மாவட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் சப்பாத்திக்கள்ளி ஊரை அடைத்துக் கிடந்த கதையைத் தங்கள் தாத்தா சொன்னதாகச் சொல்வார்கள். சாயம் எடுக்கலாம் என்ற ஆசையில் 1795-ல் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த கள்ளிப்பூச்சி, உண்மையான சாயப்பூச்சியே அன்று. ஆனால் அது ஒரு கள்ளியினத்தைத் தின்று தீர்த்தது. வேறொரு கள்ளியினத்துக்கு 1926-ல் இலங்கையிலிருந்து அதன் உறவுப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். முதலாவது தவறாக நேர்ந்த நன்மை, இரண்டாவது தெரிந்தே செய்தது. இரண்டும் தென்னாட்டில்தான் நடந்தன.

ஆனால் உங்கள் அச்சத்துக்கு இடம் இருக்கும் ஒரு புள்ளியை நானே எடுத்துத் தருகிறேன். கழலைக்குள் நுழையும் குளவிக்கு, அந்தக் கழலை எந்தச் செடியில் இருக்கிறது என்பதும் ஓரளவுக்கு அடையாளம். ஆயினும் நம் நாட்டில் நாமே விரும்பி வளர்க்கும் கழலைப் பூச்சிகளும் இருக்கின்றன. காடுகளை அடைத்த குரோமோலீனா களையைக் கட்டுப்படுத்த, அதன் தண்டில் கழலை உண்டாக்கும் ஓர் ஈ 2005-ல் பெங்களூரில் விடப்பட்டது. யூரிடோமா இங்கே வருமானால், அந்த ஈயை அது தொடுமா என்பதை நம் தனிமைக் கூடத்தில், நம் பூச்சிகளை வைத்தே சோதிக்க வேண்டும். ஹவாயின் சோதனை அறிக்கை நமக்குப் போதாது. வெளிநாட்டு உயிரைக் கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி அனுமதி வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

மரம் யாருக்கு வேண்டும் என்ற கேள்விக்குக் குடியாத்தம் நண்பர் விடை சொல்வதே பொருத்தம். சங்கப் பாடல்களில் கவிர் என்று வருவது இந்த மரமே என்று பலர் கொள்கிறார்கள். அதன் பூவைச் சேவலின் கொண்டைக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். அதை எழுதியவர் இந்தப் பூவை நின்று பார்த்தவர்தான்.

ஏலகிரி நாற்றங்கால் எழுதியது:

நான் நாற்றங்கால் நடத்துகிறேன், நடைமுறையைச் சொல்கிறேன். இமிடாகுளோப்ரிட் மருந்தை அடிமரத்தில் துளையிட்டு ஊசி போல ஏற்றினால் அது சாற்றோடு ஏறிக் கழலைக்குள் இருக்கும் புழுவையும் எட்டும். ஹவாயிலும் முதல் ஆண்டுகளில் முக்கியமான மரங்களை இப்படித்தான் காப்பாற்றினார்கள். குளவி வரும், சோதனை முடியும் என்று காத்திருந்தால் வாசல் மரம் பட்டுப்போகும். விருந்தினர் விடுதிக்காரர்கள் என்னிடம் "மரம் பச்சையாக இருக்க வேண்டும்" என்றுதான் கேட்கிறார்கள். பூச்சியின் வரலாற்றைக் கேட்பதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் விற்ற கல்யாண முருங்கை நாற்றுகளில் முடிச்சு இருந்தது. காற்றில் பறக்கும் குளவி இத்தனை தூரம் தானாக வந்திருக்காது. நாற்றோடும் பச்சைத் துளிருள்ள போத்தோடும் போயிருக்கும் என்று இப்போது புரிகிறது. இப்போது அந்த மரத்தை விற்பதையே நிறுத்திவிட்டேன்.

குடியாத்தம் வேலியோரம் எழுதியது:

ஏலகிரி நண்பர் ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஊசி யோசனை எனக்கு ஒத்துவராது. இது பார்ப்பதற்கு மட்டும் நிற்கும் மரம் அன்று. இலையை அரிசியோடு சேர்த்து அரைத்து அடையாகவும் பூரியாகவும் சுட்டுச் சளிக்குக் கொடுக்கிறோம். ஆடு எட்டிக் கடிக்கிறது. கிளை கேட்டு வருகிறவர்களுக்கு இதில் மருந்து ஏற்றியிருக்கிறது என்று எத்தனை ஆண்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது?

ஓட்டேரி அம்மையார் கேட்டதற்கும் இதுவே விடை. முள் இருப்பதால்தான் இது வேலியானது.

ஓட்டேரி நிழல் எழுதியது:

மன்னிக்கவும், அடையை நான் மறந்துவிட்டேன். என் பாட்டி பள்ளிகொண்டாவில் சுட்டுக் கொடுத்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஊசிக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. இந்த மரம் பூக்கும் காலத்தில் வேறு பல மரங்கள் வாடி நிற்கும். தேன்சிட்டு, மைனா, காகம், கரிச்சான், தவிட்டுக்குருவி எல்லாம் காலையில் இதில்தான் இறங்குகின்றன, தேனீயும் வருகிறது. சாற்றோடு ஏறும் மருந்து பூந்தேனுக்கும் போகும். பூச்சிக்குப் பூச்சி என்பதை நான் சந்தேகித்தேன் என்பதற்காக மருந்தின் பக்கம் நிற்பதாக யாரும் எண்ண வேண்டாம்.

அணைக்கட்டு உழவன் எழுதியது:

அப்படியானால் கையால் செய்வதைச் செய்வோம். முடிச்சு விழுந்த கிளையெல்லாம் கழித்துக் கொளுத்திவிடலாம். வேலி முழுவதும் ஒரே நாளில் வெட்டினால் பூச்சிக்கு இடமே இருக்காது.

பூச்சிநோக்கி எழுதியது:

இதில் இரண்டு சிக்கல் உண்டு. மொத்தமாக வெட்டினால் மூன்றாவது வாரம் மரம் முழுவதும் ஒரே நேரத்தில் துளிர்க்கும். இந்தக் குளவி முட்டையிடுவதே துளிரில்தான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு சில குளவிகளுக்கு இலை போட்டு விருந்து வைத்ததுபோல ஆகிவிடும். மரம் தானாக இலை கொட்டும் காலத்தை ஒட்டி, தேவையான அளவு மட்டும் கழிப்பதே நல்லது.

இரண்டாவது சிக்கல் பெரிது. முடிச்சுக்குள் கழலைப் புழு மட்டும் இருக்கிறது என்று எண்ணி எரிக்கிறோம். அதைத் தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணியும் அதே அறையில்தான் இருக்கும். எல்லாவற்றையும் கொளுத்தினால், பத்துப் பகைவரோடு ஒரு நண்பனையும் கொன்றுவிடுகிறோம். பகைவர் பக்கத்து ஊரிலிருந்து மீண்டும் வருவர்; நண்பன் வருவது அதன்பின் வெகு தாமதமாகத்தான்.

ஏலகிரி நாற்றங்கால் எழுதியது:

பழ ஈக்குச் செய்வதுபோல, கழித்த கிளைகளைக் கொசுவலை கட்டிய கூண்டில் போட்டால் ஒட்டுண்ணி மட்டும் வலைத்துளை வழியாக வெளியேறும் அல்லவா?

பூச்சிநோக்கி எழுதியது:

பழ ஈ உருவத்தில் பெரியது, அதன் ஒட்டுண்ணி சிறியது. அதனால் அங்கே அந்த உத்தி பலிக்கிறது. இங்கே பகைவனே ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஒட்டுண்ணி நுழையும் துளையில் அதுவும் நுழையும். வலை நமக்குப் பிரித்துத் தராது, கண்தான் பிரிக்க வேண்டும்.

ஆகவே குடியாத்தம் நண்பரிடம் ஒரு வேண்டுகோள். அகன்ற வாயுள்ள கண்ணாடிப் பாட்டில்கள் மூன்று நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலே போதும். வேலியில் ஒன்று, வாசல் மரத்தில் ஒன்று, பக்கத்து நிலத்தில் ஒன்று என்று தனித்தனியாக முற்றிய முடிச்சுகளைப் பறித்து, மேலே ஒட்டியிருக்கும் எறும்பையும் சிலந்தியையும் துடைத்துவிட்டு உள்ளே போடுங்கள். ஏற்கெனவே ஊசித்துளை விழுந்த முடிச்சு வேண்டாம், அதில் ஆள் போய்விட்டது. அடியில் செய்தித்தாளை மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வாயை வேட்டித் துணியால் மூடி ரப்பர் வளையம் போட்டு, வேலூர் வெயில் படாத இடத்தில் மூன்று வாரம் வைத்து, தினமும் பாருங்கள். வெளியே வருவதை மெல்லிய தூரிகையால் எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டுத் தேதியும் இடமும் பென்சிலால் எழுதிய தாள் துண்டை உள்ளேயே இடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

குடியாத்தம் வேலியோரம் எழுதியது (ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கவும். முதல் முறை வைத்த இரண்டு பாட்டில் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போயின. முடிச்சை அதிகமாகத் திணித்துவிட்டேன். மறுபடி வைத்தேன்.

வந்தவற்றில் பெரும்பாலானவை பழுப்பு உடலில் மஞ்சள் புள்ளி உள்ளவை. அவற்றைவிடச் சிறிய, வெளிறிய சிலவும் உண்டு, அவை ஆண் என்று ஊகித்தேன். வேலிப் பாட்டிலில் மட்டும், இவற்றுக்கு ஐந்தாறு நாள் பின்னதாக, வேறு ஜாடையில் ஆறு குளவிகள் வந்தன. உடல் ஒடுங்கி, வயிறு கூர்ந்து நீண்டிருக்கிறது. வாசல் மரத்துப் பாட்டிலில் அப்படி ஒன்றுகூட இல்லை. நான் மருந்து தெளித்தது வாசல் மரத்துக்குத்தான், வேலிக்குத் தெளிக்கவில்லை. பேரனின் பள்ளிக்கூடப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்கிறேன், தவறாகவும் இருக்கலாம்.

அணைக்கட்டு உழவன் எழுதியது:

அந்த ஆறும் நம் ஆள்தானா? அப்படியென்றால் மனு வேண்டாமே!

பூச்சிநோக்கி எழுதியது:

அவசரப்பட வேண்டாம். ஆறு குளவி வந்தது மகிழ்ச்சிதான். பின்னால் வந்தது என்பதும் ஒட்டுண்ணிக்குப் பொருந்துகிற செய்தி. ஆனால் கழலைக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் குளவிகளும் உண்டு. அவை புழுவைத் தின்பதில்லை. சதையை மட்டும் தின்னும். எது யாரைத் தின்றது என்று அறிய, புதிய முடிச்சை மெல்லிய பிளேடால் அறுத்து, ஒரே அறையில் கழலைப் புழுவின் எச்சத்தோடு இன்னொரு புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இனம் சொல்வது அதற்குரிய ஆய்வாளரின் வேலை. கழலைக் குளவியும் இந்த ஆறும் ஒரே குடும்பத்துச் சிறு குளவிகளாக இருக்கக்கூடும் என்பதால் நானே படத்தைப் பார்த்துச் சொல்லத் துணியமாட்டேன்.

வேலிக்கும் வாசலுக்கும் நீங்கள் கண்ட வேறுபாடு என் மனத்தை இழுக்கிறது. மருந்து விழுந்த மரத்தில் ஒட்டுண்ணி இல்லை என்று ஒரு பாட்டிலை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆயினும் இந்தப் பருவம் முழுவதும் இரண்டிலும் மருந்து தெளிக்காமல் விட்டு, மாதம் ஒரு முறை இதே அளவு முடிச்சை எடுத்து வைத்துப் பாருங்கள். அந்த ஆறு பத்தாகிறதா, வாசல் மரத்துக்கும் வருகிறதா என்று தெரியும். உள்ளூர் ஒட்டுண்ணி இருந்தும் மரம் தேறவில்லை என்று ஓராண்டுக் கணக்கு காட்டினால், யூரிடோமாவை வரவழைக்கக் கேட்கும் மனுவுக்கு அதைவிட வலுவான இணைப்பு வேறு இருக்காது.

ஓட்டேரி நிழல் எழுதியது:

வேலூரில் பழைய குடியிருப்பு ஒன்றின் மதிலோரம் நான்கு மரங்கள் நிற்கின்றன. அங்கே மருந்து தெளிப்பவர் யாருமில்லை. நாங்களும் மாதம் ஒரு பாட்டில் வைக்கிறோம். எத்தனை முடிச்சு என்று முன்பே சொல்லிவிடுங்கள், எல்லோரும் ஒரே கணக்கில் வைக்கலாம்.

ஏலகிரி நாற்றங்கால் எழுதியது:

மேலே குளிர் அதிகம், கீழே உள்ளதுபோல 20 நாளில் வராது என்று நினைக்கிறேன். நானும் வைக்கிறேன். விற்காமல் மூலையில் விட்ட மூன்று மரம் இன்னும் இருக்கிறது.

குடியாத்தம் வேலியோரம் எழுதியது:

ஸ்பிரிட்டில் போட்ட ஆறு குளவிகளையும், அறுக்காத புதிய முடிச்சு ஒரு பையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகிறேன். பாட்டிலுக்கு 25 முடிச்சு என்று வைத்துக்கொள்ளலாமா? வேலியில் இப்போது மறுபடி துளிர் விடுகிறது. அடுத்த பாட்டிலை அமாவாசை கழித்து வைக்கிறேன்.